பூட்டா, பையா?

போனை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அந்த அண்ணன் கேட்டார்: "என்ன தம்பி, பை யாவாரமா?"

திண்டுக்கல்லில் குடைப்பாறைப்பட்டி பக்கம் இருக்கும் ஒரு பூட்டுப் பட்டறை அது. வீட்டின் முன்தாழ்வாரம்தான் பட்டறை. அரம் தேய்க்கும் சத்தத்தில் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். நான் அவரிடம் காட்டியது பையில்லை. ஒரு வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் எழுதிய மொபைல் கேமின் ஐகான். பகலில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. இரவில் இது.

விளையாட்டு எளிமையானது. திரையில் ஒரு மாங்காய்ப் பூட்டு குறுக்குவெட்டாகத் தெரியும். உள்ளே லீவர்கள் அடுக்காக இருக்கும். ஒவ்வொரு லீவரையும் அதற்கான உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால் தாழ் நகரும், பூட்டு திறக்கும். கொஞ்சம் அதிகம் தூக்கினாலும் திறக்காது. ஒரு பூட்டுக்கு இரண்டு நிமிஷம். வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் நாலு பூட்டு திறந்துவிடலாம். இந்த வகையைத்தான் 'கேஷுவல் கேம்' என்கிறார்கள். நேரம் போக்க வருகிறவர் ஆடுவது. விதிகளைப் படிக்க மாட்டார், பிடிக்காவிட்டால் அரை நிமிஷத்தில் அழித்துவிடுவார்.

கேம் வெளியாகி ஒரு மாதம் ஆகியும் பதிவிறக்கம் மூன்று இலக்கத்தைத் தாண்டவில்லை. ஆடியவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஆட வந்தவர்களே சொற்பம். கடையின் புள்ளிவிவரப் பக்கம் ஒரு விஷயத்தைத் தெளிவாகவே சொன்னது: தேடல் பட்டியலில் கேமின் படம் கண்ணில் பட்டும், பெரும்பாலோர் தொடாமலே தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மேலே வளைவான பிடி, கீழே உப்பிய உடம்பு, அதில் அழகுக்கு நான் போட்ட பூவேலை. விரல்நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போகும் கைப்பை.

"சாவி ஓட்டை எங்க?" என்றார். "சாவி ஓட்டை இல்லாம என்ன தம்பி பூட்டு?"

கடைப்பக்கத்தின் மேலே வைக்கும் பெரிய படம் இன்னும் மோசம். அதில் மலைக்கோட்டையும் அதன் பின்னால் அஸ்தமனமும் இருந்தன. ஏழு பூட்டுகள், ஒரு சாவிக்கொத்து, தாவணி போட்ட ஒரு பெண் குழந்தை, வளைந்து நெளிந்த எழுத்தில் கேமின் பெயர், மூலையில் '150 லெவல்கள்' என்று ஒரு பட்டை. 27 அங்குலத் திரையில் வரைந்தபோது எல்லாம் கண்ணைப் பறித்தது. போன் திரையில் அது பழுப்பு நிறக் குழம்பு.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஞாபகம் வந்தது அப்பாவின் பெட்டிக்கடை.

*

தொண்ணூறுகளில் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். நத்தம், வேடசந்தூர், சாணார்பட்டிக்கு பஸ் பிடிக்க நிற்பவர்கள்தான் வாடிக்கை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் கடையில். யாரும் 'தீப்பெட்டி கொடு' என்று கேட்க மாட்டார்கள். 'வெட்டுப்புலி ஒண்ணு குடுப்பா', 'கப்பல் இருக்கா?' என்றுதான் கேட்பார்கள்.

வெட்டுப்புலி என்று அந்தத் தீப்பெட்டியில் எங்கும் அச்சடித்திருக்காது. ஆங்கிலத்தில் 'சீட்டா ஃபைட்' என்று போட்டிருக்கும். கையில் அரிவாளோடு ஒருவன் சிறுத்தையை எதிர்த்து நிற்கும் படம். ஆங்கிலப் பெயரை யாரும் படிக்கவில்லை, படத்தைப் படித்தார்கள். படித்ததற்கு அவர்களே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் நின்றது. தமிழ்மகன் அந்தத் தீப்பெட்டிப் படத்தை மையமாக வைத்து எழுதிய நாவலுக்கும் 'வெட்டுப்புலி' என்றுதான் பெயர்.

எங்கள் ஊரின் பிரியாணிக்கும் இதே கதைதான். 1957ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஜனங்கள் கண்டது கல்லாவில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தவரை. 'தலப்பாக்கட்டி கடைக்குப் போவோம்' என்றார்கள். பிற்பாடு கடையே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. தலைப்பாகை கட்டிய முகம்தான் இன்றைக்கு அதன் சின்னம்.

இதற்கு நம்மிடம் நல்ல ஒரு சொல் இருக்கிறது: மார்க். சேவல் மார்க், அணில் மார்க். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்தான், ஆனால் தமிழில் அதன் வேலையே வேறு. 'டிரேட்மார்க்' என்பது பதிவு அலுவலகத்து விவகாரம். 'மார்க்' என்பது வாயால் கேட்டு வாங்கக்கூடிய படம். சிவகாசிப் பட்டாசில் அணில் உண்டு. திண்டுக்கல்லில் தயாராகும் சேமியா பாக்கெட்டிலும் அணில் உண்டு. இரண்டும் வெவ்வேறு நிறுவனம், வெவ்வேறு சரக்கு. பட்டாசுக் கடையில் அணில் கேட்டால் பட்டாசு வரும், மளிகைக் கடையில் கேட்டால் சேமியா வரும். இரண்டையும் ஒருவரும் குழப்பிக்கொண்டதில்லை.

என் கேமின் அட்டையில் ஏழு பூட்டும் கோட்டையும் சூரியனும் குழந்தையும் இருந்தன. அப்பா கடைக்கு வந்த ஒருவர் அதை எப்படிக் கேட்டிருப்பார்? கேட்கவே முடியாது. அதற்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை.

*

படத்தால் கேட்டு வாங்குவது சிவகாசிக்கும் முந்தைய பழக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிக் கட்டுகளின் மேல் பல வண்ணங்களில் அச்சடித்த சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். 'டிக்கெட்' என்பார்கள். லட்சுமி, கிருஷ்ணன், யானை, புலி, ராஜா என்று வகைவகையாக இருக்கும். துணியை நெய்தவன் லங்காஷயரில். படத்தை அச்சடித்தவன் இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ. இருவரும் இந்தியாவைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டைப் பிரிக்காமலே சரக்கு எது என்று இங்கே வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். சுதந்திரம் கிடைத்த பின் 1951ல் எடுத்த கணக்கிலேயே நாட்டின் எழுத்தறிவு சுமார் 18 சதவீதம்தான். அதற்கு எழுபது வருஷம் முன்னால் எழுத்தை நம்பி யார் வியாபாரம் செய்வார்கள்?

தீப்பெட்டியும் அப்படித்தான் வந்தது. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த பெட்டிகளின் மேல் நம் சாமிகள் இருந்தார்கள். 1922ல் அரசாங்கம் இறக்குமதி வரியை ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. வருமானத்துக்காகப் போட்ட வரி, உள்ளூர்த் தொழிலுக்கு வேலியாக அமைந்துவிட்டது. ஸ்வீடன் கம்பெனி இந்தியாவுக்குள்ளேயே வந்து விம்கோ என்ற பெயரில் ஆலை போட்டது. அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். சிவகாசியில் தொழில் தொடங்கிய வருஷம் 1923.

மழை பொய்க்கிற அந்தக் கரிசல் பூமியில் தீப்பெட்டி பிடித்துக்கொண்டது. பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லித்தோ அச்சகங்கள் வந்தன. பட்டாசு வந்தபோது அதற்கும் லேபிள் அடித்தார்கள். பிறகு காலண்டர், டைரி, நோட்டு அட்டை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை வழியாக மூன்று மணி நேரம் போல பஸ்ஸில் போனால் வரும் அந்தச் சின்ன ஊர், நாட்டின் பெரிய அச்சு மையங்களில் ஒன்றானதற்கு ஒரு காரணம், ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு காகிதத் துண்டு.

பொறியாளனாக எனக்கு அந்த லேபிளில் பிடித்தது அதன் கஞ்சத்தனம். லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு. ஒரே தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். நிறம் கூடினால் செலவு கூடும். சில பைசாவுக்கு விற்கும் பெட்டிக்கு எத்தனை நிறம் கட்டுப்படியாகும்? பெரும்பாலும் இரண்டு, மூன்று. அடுத்த தொல்லை, இரண்டாவது நிறம் முதல் நிறத்தின் மேல் அச்சு அசலாக உட்காராது. ஒரு மயிரிழை விலகும். அந்த விலகலை மறைக்க உருவத்தைச் சுற்றிக் கனமான கறுப்புக் கோடு போடுவார்கள். மஞ்சள் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் கோட்டுக்குள் மறைந்துவிடும். மலிவுத் தாளில் மை ஊறிப் பரவும், ஆகவே நுணுக்கமான வேலை தங்காது. பின்னணியில் காடு, மலை வரைந்தால் புலி காணாமல் போகும், ஆகவே ஒற்றை நிறம்.

கனமான கோடு, தட்டையான நிறம், நடுவில் ஒரே உருவம், பின்னால் வெறுமை. இன்றைக்கு மொபைல் ஐகான் வரையச் சொல்லித்தரும் எந்த வகுப்பிலும் முதல் நாளில் சொல்வது இதைத்தான். கூகுள் பிளே கேட்பது 512க்கு 512 பிக்சல் சதுரம். ஆனால் கையில் இருக்கும் போனில் அது தெரிவது ஒரு தீப்பெட்டி லேபிளில் பாதி அளவுக்கும் கீழே. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையின் சிறிய அட்டை வெகுகாலம் 231க்கு 87 பிக்சல்தான். அதில் கேமின் பெயரே கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்பட்டும் என்பது ஸ்டீமே தரும் ஆலோசனை. சிவகாசிக்காரருக்கு மையும் காகிதமும் கட்டுப்பாடு விதித்தன. நமக்குப் பார்ப்பவரின் பெருவிரல் விதிக்கிறது. அது நிற்காமல் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறது.

தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கும். தீப்பெட்டிப் படம் சேர்ப்பது. காலிப் பெட்டியின் மேலட்டையைக் கிழித்து, தேய்த்துத் தட்டையாக்கி அடுக்கி வைத்திருப்போம். கிடைக்காத படத்துக்கு மதிப்பு அதிகம். பத்து சாதாப் படம் கொடுத்து ஒரு வெளியூர்ப் படம் வாங்கியிருக்கிறேன். பெட்டிக்கடைக்காரர் மகன் என்பதால் தெருவில் நான் பணக்காரன். எங்களுக்கு அட்டைப்படம் விளையாட்டைப் பற்றிய விளம்பரமாக இருக்கவில்லை, அதுவேதான் விளையாட்டு.

*

நன்றாக ஓடும் மார்க்கைக் காப்பியடிக்க ஆள் வருவார்கள். அச்சு அசலாக அடித்தால் மாட்டிக்கொள்வார்கள், ஆகவே சற்றே மாற்றி அடிப்பார்கள். எவ்வளவு மாற்றினால் அது வேறு படம்? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1972ல் சொன்ன பதிலை, அட்டை வரைகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

வழக்கு பார்லே பிஸ்கட் உறை பற்றியது. அதில் ஒரு பண்ணை வீடு, வேலி, பசுக்கள், கோழிகள், நடுவில் ஒரு பெண். மைசூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் பிஸ்கட் உறையிலும் பண்ணை, பசு, கோழி, நடுவில் ஒரு பெண். ஒருத்தி குடம் போன்ற ஒன்றை எடுத்துப்போகிறாள், இன்னொருத்தி தலையில் புல்கட்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினால் வித்தியாசம் நிறையவே வரும். கீழே இருந்த நீதிமன்றங்கள் அப்படி எண்ணித்தான் வேறு வேறு என்றன. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்குகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒன்றை இன்று பார்க்கிறார், இன்னொன்றை வேறொரு நாள் பார்க்கிறார். அவர் மனதில் தங்குவது ஒட்டுமொத்தச் சாயல்தான். சாதாரண வாடிக்கையாளருக்கு ஷெர்லாக் ஹோம்ஸின் கண் கிடையாது என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். பார்லே ஜெயித்தது.

ஹோம்ஸ் பெயர் வந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1887ல் வந்த அவருடைய முதல் கதையில், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார். திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று உலகம் சொன்னதன் புகையிலை திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்தது. ஸ்பென்சர் கம்பெனிக்கு எங்கள் ஊரில் சுருட்டு ஆலையே இருந்தது. லேபிள் எரிந்துபோன பிறகும் சாம்பலை வைத்துச் சரக்கைக் கண்டுபிடிக்கும் ஒரே வாடிக்கையாளர் அவர்தான். மற்ற எல்லோருக்கும் நாம் மார்க் போட வேண்டியிருக்கிறது.

தீர்ப்பு காப்பியடிப்பவரைப் பற்றியது. நான் அதைத் திருப்பி எனக்கு வைத்துப் பார்த்தேன். வாங்குகிறவர் மனதில் ஒட்டுமொத்தச் சாயல் மட்டுமே தங்கும் என்றால், என் அட்டையை நேற்றுப் பார்த்தவர் மனதில் இன்று என்ன மிச்சமிருக்கும்? பழுப்பு நிறம் ஒன்றுதான். கோட்டையும் தாவணியும் 150 லெவலும் நான் மட்டும் அறிந்த நுணுக்கங்கள். பார்ப்பவர் ஹோம்ஸ் என்று நினைத்து வரைந்திருக்கிறேன்.

*

வீடியோ கேம் அட்டைகளின் வரலாறு சிவகாசிக்கு நேர் எதிராகத் தொடங்கியது. 1977ல் அடாரி தன் வீட்டு கேம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கூடவே வந்த 'காம்பேட்' கேமின் திரையில் இருந்தவை சில வண்ணக் கட்டங்கள்தான். இதுதான் டாங்கி என்று சொன்னால் நம்ப வேண்டும். ஆனால் பெட்டியின் மேல் கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் வரைந்த படங்களில் டாங்கிகள் புழுதி கிளப்பும், விமானங்கள் பாயும், ஒரு சினிமா போஸ்டரே இருக்கும். அட்டையின் வேலை, திரையில் வரைய முடியாததை ஆடுபவரின் மனதில் வரைந்து அனுப்புவது. சிறுவர்கள் அட்டையைப் பார்த்துக்கொண்டே கட்டங்களை நகர்த்தினார்கள். அது ஒரு உடன்படிக்கை. இரண்டு தரப்புக்கும் அது தெரியும்.

கடை போனுக்குள் வந்ததும் அந்த உடன்படிக்கை மாறியது. 2012ல் வந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' ஐகானில் மீசைக்காரன் ஒருவன் வாயைத் திறந்து கத்தினான். கேம் பெரிதாக ஓடியது. அதன் பிறகு கடையைத் திறந்தால் வரிசையாகக் கத்தும் முகங்கள். பார்லே உறையை மறுபடி மறுபடி அடித்த மாதிரி. எல்லோரும் கத்தும்போது யாருடைய சத்தமும் கேட்காது. அடுத்து ஐகானுக்குள் எழுத்து வந்தது: 'இலவசம்', 'நம்பர் 1', 'தள்ளுபடி'. கூகுள் 2021ல் விதி போட்டு இதையெல்லாம் ஐகானிலிருந்து எடுக்கச் சொன்னது. அடுத்த வருஷம் ஸ்டீமும் அட்டைகளில் விமர்சன மதிப்பெண், விருதுச் சின்னம், தள்ளுபடி வாசகம் கூடாது, படமும் பெயரும் மட்டும் போதும் என்றது. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் கேம்கள் வந்து விழும் கடைக்கு, எல்லோரும் கூவினால் தன் வியாபாரமும் கெடும் என்ற கணக்கு இருக்கும்.

பொய்யும் வந்தது. 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' கேம்களின் விளம்பரத்தில் ஊசிகளை உருவி ஆளைக் காப்பாற்றும் புதிர் காட்டுவார்கள். இறக்கிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே நிறத்தை மூன்று மூன்றாகச் சேர்க்கும் வேறு ஆட்டம். 2020 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு அத்தகைய இரண்டு விளம்பரங்களைத் தடை செய்தது. அடாரி ஓவியமும் திரையில் இல்லாததைத்தானே காட்டியது, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். அடாரி காட்டியது அதே டாங்கியை, அழகாக. இவர்கள் காட்டியது வேறு சரக்கை. வெட்டுப்புலிப் பெட்டிக்குள் புலி இருக்காது என்று வாங்குபவருக்குத் தெரியும். குச்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கோட்டை நான் எங்கே தாண்டினேன் என்று யோசித்தேன். என் அட்டையில் இருந்த கோட்டை கேமில் எங்கும் வராது. தாவணிச் சிறுமி வரவே மாட்டாள். பொய் சொல்ல வேண்டும் என்று போடவில்லை. லீவர் தூக்குவது மட்டும் யாருக்குப் பிடிக்கும் என்ற பயத்தில் போட்டேன். என் சரக்கின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. அந்த அட்டையின் உண்மையான கோளாறு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

*

லேபிள்களைப் பற்றிப் பாசத்தோடு எழுதிவிட்டு, அவற்றை ஒட்டிய கைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். ஆபீஸ் பஸ் விடிவதற்கு முன்னே கிராமத்துக்குள் வரும். அதில் ஏறியவர்களில் குழந்தைகள் நிறைய. கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டியில் குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது. சின்ன விரலுக்குத் தோதான வேலை என்றார்கள். சலம் பென்னூர்கர் 1990ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அவர்களைத்தான் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதியில் சேரும்.

அந்தத் தீர்ப்பு வந்தபோது எனக்கு எட்டு வயது. அதே வருஷம் என் புத்தகப் பைக்குள் நூற்றுச் சொச்சம் தீப்பெட்டிப் படங்கள் இருந்தன. நான் கிழித்துச் சேர்த்த ஒவ்வொன்றையும் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அதில் சிலதை ஒட்டியவருக்கு என் வயதுதான் இருந்திருக்கும். அவருக்கு அது பைசாக் கணக்கு, எனக்குப் பொக்கிஷம். அந்தப் படங்களில் பொய் எதுவும் இல்லை. அணில் அணிலாகவே இருந்தது. ஆனால் நல்ல அட்டை ஒன்று பார்வையைத் தன்னிலேயே நிறுத்திக்கொள்ளும், அதன் பின்னால் போக விடாது. அதன் வெற்றியே அதுதான். வரைகிறவர்கள் இதைத் தெரிந்துதான் வரைய வேண்டியிருக்கிறது.

நான் வரைந்த பூவேலைப் பூட்டும் அப்படித்தான். அதை யாரும் அரம் பிடித்துச் செய்திருக்க முடியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்து வரும் மலிவுப் பூட்டுக்கு முன்னால், கையால் லீவர் ராவுகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் போகிறது. அண்ணனின் பட்டறையில் ஒரு காலத்தில் ஐந்து பேர் வேலை பார்த்தார்களாம். இப்போது அவரும் அவருடைய மச்சானும் மட்டும். நான் அவர்களுடைய பூட்டின் பெயரை எடுத்துக்கொண்டு, பூட்டை விட்டுவிட்டுக் கைப்பை வரைந்திருந்தேன்.

*

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பட்டறையில் உட்கார்ந்தேன். அண்ணன் ஒரு பழைய மாங்காய்ப் பூட்டைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு லீவரையும் ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி எடுத்து ராவுவார். காதில் வைத்துக் கேட்பார். என் கேமில் எல்லா லீவரும் ஒரே சத்தம் எழுப்பியது. "எப்படித் தம்பி, தடிச்ச தகடும் மெலிஞ்ச தகடும் ஒரே மாதிரி கத்தும்?" என்றார். போனில் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்து மாற்றினேன். அட்டையைச் சரிசெய்யப் போய்க் கேமும் கொஞ்சம் சரியானது.

புதிய ஐகானில் எதுவுமே இல்லை. மஞ்சள் உடம்பு, கனமான கறுப்புக் கோடு, நடுவில் பெரிய சாவி ஓட்டை. உண்மையில் இருப்பதைவிட மூன்று மடங்கு பெரியது. ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தால் ஒரு லீவரின் விளிம்பு தெரியும். பின்னணி ஒற்றை நீலம். வளைவான பிடியைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டேன், ஏனென்றால் பை போல ஆக்கியது அதுதான். பெரிய அட்டையிலும் அதே பூட்டு, பக்கத்தில் பெயர். கோட்டை போயிற்று. '150 லெவல்கள்' போயிற்று. வரைந்ததும் பத்தடி தள்ளிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அப்பாவையும் கூப்பிட்டுக் கண்ணாடி இல்லாமல் பார்க்கச் சொன்னேன். "பூட்டு" என்றார். அவ்வளவு போதும்.

இரண்டு ஐகானையும் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி எது எடுபடுகிறது என்று சோதிக்கும் வசதியைக் கூகுள் 2015லிருந்தே தருகிறது. அதையும் போட்டுப் பார்த்தேன். முடிவு சொல்லும் அளவுக்கு ஆட்கள் வரவில்லை என்று பதில் வந்தது. ஆயிரக்கணக்கில் ஆள் வரும் பெரிய கம்பெனிக்கு அது ஆய்வகம். என்னைப் போன்றவனுக்குப் பத்தடி தூரமும் அப்பாவின் கண்ணும்தான் ஆய்வகம். பதிவிறக்கம் மெதுவாகக் கூடியது. வேலையை விட்டுவிடும் அளவுக்கு இல்லை.

ஐகானை அண்ணனிடம் காட்டினேன். கையை நீட்டிப் பார்த்தார். "ம், இப்பப் பூட்டு. ஆனா இவ்வளவு பெரிய ஓட்டைக்கு ஆணியே போதும், சாவி வேண்டாம்" என்றார். கேம் தொடங்கும்போது அந்தச் சத்தங்கள் யாருடைய பட்டறையில் பதிவானவை என்று எழுதிக் காட்டலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ராவிக்கொண்டே இருந்தார். "போடு. ஆனா போன் நம்பரையும் போடு, ஆர்டர் வந்தா வரட்டும்."

கிளம்பும்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கேமுக்கு நான் ரொம்ப யோசித்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். தேடுவதற்கு வசதியாக அதை எழுத்துக் கூட்டிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் போனை அவளிடம் நீட்டிவிட்டார்.

"அந்த ஓட்டைப்பூட்டு கேமை எடு பாப்பா."

அவள் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, "இதானப்பா?" என்றாள்.